காதோரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும் – பதினேழு வருஷத்துச் சில்வண்டு

சென்ற இதழில், 2024 கோடையில் சிகாகோ பக்கம் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது 17 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணை விட்டு வெளியே வரும் சில்வண்டுகளை ஒலிப்பதிவு செய்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு வந்து குவிந்துவிட்டன கடிதங்கள். மழைச் சத்தம், ரயில் சத்தம், கோயில் மணி என்று எவ்வளவோ எழுதியிருக்கிறேன். அதற்கெல்லாம் வராத கடிதம்! ஆகவே இந்த முறை பூராவும் பூச்சிதான். பூச்சி என்றால் ஆகாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் பக்கம் குற்றாலத்துச் சாரலில் சில்வண்டு வருஷா வருஷம்தான் கத்துகிறது. அமெரிக்காவில் மட்டும் 17 வருஷமா? கொஞ்சம் கதை விடுகிறீர்களோ?
(தென்காசி வாசகர்)

கதை விட்டிருந்தால் 17 என்று சொல்லியிருக்க மாட்டேன். 12 என்று சொல்லிக் குறிஞ்சிப் பூவோடு சேர்த்திருப்பேன்.

விஷயம் இதுதான். உலகத்தில் பெரும்பாலான சில்வண்டுகள் சில வருஷங்களாவது மண்ணுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு செட்டு வெளியே வருவதால், நம் காதுக்கு வருஷா வருஷம் சத்தம் உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மட்டும் வாழும் ஏழு இனங்கள் வேறு மாதிரி. ஓர் இடத்தில் உள்ள அத்தனை பூச்சியும் ஒரே வருஷம், ஏறக்குறைய ஒரே வாரம் மேலே வரும். மூன்று இனங்களுக்கு 17 ஆண்டு, நான்கு இனங்களுக்கு 13 ஆண்டு. அந்த வருஷம் முடிந்தால் அந்த மரத்தடியில் அடுத்த தலைமுறை வரைக்கும் அநேகமாக மௌனம்தான். நீளமான ஆயுளைவிட இந்த ஒற்றுமைதான் எனக்கு ஆச்சரியம்.

மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். மர வேரில் ஓடும் தண்ணீர்ச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு மெதுவாக வளர்கிறது. வருஷத்தை எப்படி எண்ணுகிறது? கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். 15 வயதான இளம்பூச்சிகளை எடுத்து, ஒரே வருஷத்தில் இரண்டு முறை துளிர்க்கும்படி வளர்த்த பீச் மரங்களின் வேரில் விட்டார்கள். அவை ஒரு வருஷம் முன்னாலேயே வெளியே வந்துவிட்டன. அதாவது பூச்சி பார்ப்பது காலண்டரை அல்ல, மரத்தின் சாறு ஏறி இறங்குவதை. மரம் ஏமாற்றினால் பூச்சியும் ஏமாறும்.

ஏன் எல்லாம் ஒரே சமயத்தில் என்று கேட்டால், பறவை, அணில், ஆமை, நாய் எல்லாம் தின்று தீர்த்தாலும் மிச்சம் இருக்கத்தான். இல்லினாய் மாநிலத்தில் ஓர் இடத்தில் ஏக்கருக்கு 15 லட்சம் பூச்சி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பந்தியில் இலை போட்டவன் எவ்வளவுதான் சாப்பிடுவான்? 13, 17 இரண்டும் பகா எண்கள் என்பதை வைத்து ஒரு விளக்கம் சொல்கிறார்கள். கணக்கு வாத்தியார்களுக்கு அது மிகவும் பிடிக்கும். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை.

நான் இருப்பது நேப்பர்வில்லில், சிகாகோவுக்கு மேற்கே. 2024-ல் டிவியில் அவ்வளவு அமர்க்களம். எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. மனைவிக்கு நிம்மதி, எனக்கு ஏமாற்றம். ஏன்?
(நேப்பர்வில் வாசகர்)

உங்கள் வீடு எந்த வருஷம் கட்டியது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று பாருங்கள். சோள வயலாக இருந்திருந்தால் பதில் கிடைத்துவிட்டது. மரம் இல்லாத மண்ணில் வேர் இல்லை. வேர் இல்லாமல் இது 17 வருஷம் எதைக் குடிக்கும்? அதுவும் இந்தப் பூச்சி அதிக தூரம் பறந்து போய்க் குடியேறுகிற ஜாதி இல்லை. பழைய ஓக் மரங்கள் நிற்கும் தெருவில் காது கிழியும். இரண்டு தெரு தள்ளிப் புதுக் குடியிருப்பில் ஏர் கண்டிஷனர் சத்தம் மட்டும் கேட்கும். என் மகள் வீடு அந்த எல்லையில் இருந்தது. கொல்லையில் மொத்தமே முப்பது நாற்பது. நான் தினமும் லைல் ஊரில் உள்ள மார்ட்டன் ஆர்பரேட்டத்துக்கு, அதாவது அந்தப் பெரிய மரத்தோட்டத்துக்கு, மாப்பிள்ளையின் காரில் போய்த்தான் பதிவு செய்தேன்.

நானும் அந்தச் சமயம் அங்கே இருந்தேன், ஐயா. ஐபோனில் நிறையப் பதிவு செய்தேன். ஊருக்கு வந்து போட்டுக் கேட்டால் குழாயில் தண்ணீர் ஒழுகுவது போல இருக்கிறது. ஃபோன் கோளாறா?
(கோவை வாசகி)

ஃபோன் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, அதுதான் தொல்லை. மனிதக் குரலைத் தெளிவாக்குவதற்காகக் கைபேசிக்குள் ஒரு புத்திசாலி உட்கார்ந்திருக்கிறான். விடாமல் ஒரே மாதிரி வருகிற சத்தமெல்லாம் அவனுக்கு இரைச்சல். ஃபேன் சத்தம், ஏசி சத்தம், சில்வண்டு எல்லாம் ஒன்று. அதைத் துடைத்து எறிந்துவிட்டு மிச்சத்தை உங்களிடம் கொடுக்கிறான். மிச்சம்தான் அந்தக் குழாய்த் தண்ணீர்.

ஆகவே முதல் வேலை, பதிவு செயலியின் அமைப்பில் போய்ச் சுருக்காத பதிவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சல் நீக்கம் ஏதாவது இருந்தால் அணையுங்கள். கையில் தனி ரிக்கார்டர் இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. சத்தத்துக்குத் தகுந்தபடி லெவலைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு, மிக உரத்த சத்தம் கருவியின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொடுகிற மாதிரி லெவலைக் கையால் வையுங்கள். கூட்டமாகக் கத்தும்போது 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் நின்று பேசிப் பாருங்கள், அந்த நிலைமை. அதில் ஆட்டோ லெவல் என்ன பாடு படுத்தும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதில் நான் நான்கு நாள் உழைப்பை இழந்தேன்.

இரண்டாவது, எல்லாரும் காட்டுக்கு நடுவே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் கிடைப்பது சந்தைக்கடை. ஒரு கிளை, ஒரு பூச்சி, ஒரு சாண் தூரம், அசையாமல் ஐந்து நிமிஷம். இதுதான் பதிவு. காற்றுக்கு மைக் மேல் பஞ்சுத் தொப்பி அவசியம். ஒரு எச்சரிக்கை: அந்தத் தொப்பி மேலேயே பூச்சி வந்து உட்காரும். என்னிடம் மூன்று நிமிஷம் கரகரவென்று பஞ்சைப் பிறாண்டுகிற சத்தம் மட்டும் உள்ள ஒரு கோப்பு இருக்கிறது. பேரன் அதற்கு வைத்த பெயர் 'தாத்தாவின் சூப்பர் ஹிட்'.

மூன்றாவது, பதிவு முடிந்ததும் நிறுத்துவதற்கு முன் மைக்கில் வாயால் சொல்லுங்கள்: தேதி, மணி, இடம், எந்த மரம், வெயிலா நிழலா, எத்தனை டிகிரி. வானொலியில் ஸ்பூல் டேப் காலத்தில் இதைச் செய்யாமல் வந்தால் எங்கள் பெரியவர் டேப்பைக் கையால் தொடவே மாட்டார். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் யாரும் எழுதியதில்லை.

ஏழு இனம் என்கிறார்கள். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி, கறுப்பு உடல், சிவப்புக் கண். காதால் பிரிக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, மதுரை)

முடியும், அம்மா. சொல்லப்போனால் விஞ்ஞானிகளே காதால்தான் பிரித்தார்கள். லின்னேயஸ் 1758-ல் ஒன்றுக்குப் பெயர் வைத்தார். அதற்குப் பின் இருநூறு வருஷம் கழித்து, 1962-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் அலெக்சாண்டரும் தாமஸ் மூரும் பாட்டை வைத்து மூன்று புது இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள்.

17 ஆண்டுக்காரர்கள் மூன்று பேர். முதலாமவன் செப்டன்டெசிம். உருவில் பெரியவன், அடிவயிறு ஆரஞ்சு நிறம். அவன் குரல் சுருதி சேர்ந்த குரல். ஏறக்குறைய 1,300 ஹெர்ட்ஸில் ஒரே கோடாக இரண்டு மூன்று விநாடி இழுத்து, முடிவில் டக்கென்று கீழே சறுக்கும். அமெரிக்கர்கள் அதை 'ஃபேரோ' என்று கேட்டார்கள். நம் ஊர் வேதப் புத்தகத்தில் வருகிற பார்வோன் ராஜாதான். வந்து குடியேறின வெள்ளைக்காரர்கள் இதை வெட்டுக்கிளி என்று தப்பாக நினைத்ததால், பார்வோன் மேல் வந்த வெட்டுக்கிளி வாதை ஞாபகம் வந்திருக்கலாம். எனக்குக் கேட்டது 'ஏஏஏ...லோ'. வயல் வரப்பில் தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிடுவோமே, அது. ஆயிரம் பேர் சேர்ந்து கத்தும்போது அந்தச் சறுக்கல் கரைந்துபோய், எங்கோ ஒரு பெரிய தம்புரா மீட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

இரண்டாமவன் கசினி. சிறிசு, வயிறு கறுப்பு. டிக்டிக்டிக்டிக் என்று ஆரம்பித்து ஷ்ஷ்ஷ் என்று பொரிக்கும். காய்ந்த எண்ணெயில் அப்பளத்தைப் போட்ட சத்தம். இதற்குச் சுருதி கிடையாது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பரவலாகக் கிடக்கும். கூட்டம் கூடினால் ஒரே மரத்தில் எல்லாம் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும், இடையில் ஒரு பறப்புப் பறந்து வேறு இலைக்கு மாறும். அலை அடிக்கிற மாதிரி.

மூன்றாமவன் செப்டன்டெகுலா. குறைவாகத்தான் இருப்பான். ட்சிக், ட்சிக், ட்சிக் என்று சீராக, பழைய தையல் மிஷின் மிதிக்கிற கணக்கில். மற்ற இருவர் இரைச்சலுக்கு அடியில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு 11 நாள் ஆயிற்று.

என் நோட்டில் காலையில் பெரும்பாலும் முதலாமவன் பெயர்தான் இருக்கிறது. மதியம் திரும்பினால் கசினி ஆக்கிரமித்துவிடுகிறான். மேகம் மூடினால் எல்லாரும் வாயை மூடுவார்கள், மழை வந்தால் கேட்கவே வேண்டாம். காது சந்தேகப்பட்டால் கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, எந்த நேரத்தில் எந்தச் சுருதி என்று காட்டும் அலைமாலைப் படத்தைப் பாருங்கள். முதலாமவன் பென்சிலால் இழுத்த கோடு, வால் மட்டும் கீழே மடங்கியிருக்கும். கசினி மேலே மை கொட்டின மாதிரி.

13 ஆண்டுக்காரர்களைக் கேட்கவென்று மாப்பிள்ளையை நச்சரித்து மூன்றரை மணி நேரம் காரில் இல்லினாய் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு போனேன். அந்த வருஷம் விசேஷம் என்னவென்றால், 13 ஆண்டுப் பட்டாளம் ஒன்றும் 17 ஆண்டுப் பட்டாளம் ஒன்றும் சேர்ந்து வந்தன. 221 வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்த இரண்டும் சேரும். முன்பு 1803, இனி 2245. ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ரோமன் எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் பாருங்கள், 13-ஆம் எண் பட்டாளம்தான் 17 ஆண்டுக்காரர்கள், 19-ஆம் எண் பட்டாளம் 13 ஆண்டுக்காரர்கள். குழப்புவதற்கென்றே வைத்தது போல! சரி, போய்க் கேட்டேன். அதே 'ஏஏஏ...லோ'. அதே அப்பளம். ஒரு வித்தியாசமும் இல்லை. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது ரேடியோவை மட்டும் சத்தமாக வைத்தார்.

ஆனால் அந்த 13 ஆண்டுக்காரர்களில் நியோட்ரெடெசிம் என்று ஒருவன் உண்டு. டேவிட் மார்ஷலும் ஜான் கூலியும் 2000-ல்தான் அவனைத் தனி இனம் என்று எழுதினார்கள். தனியாக இருக்கும் ஊர்களில் அவன் சுருதி 1,400 ஹெர்ட்ஸ் பக்கம். 1,100-ல் பாடும் ட்ரெடெசிம் என்ற பங்காளி இருக்கும் ஊர்களில் மட்டும் 1,700 வரை ஏற்றிக்கொள்கிறான். பெண்ணுக்கு ஆள் மாறிவிடக் கூடாதே! சுருதி வித்தியாசத்தைக் கேட்டுப் புது இனத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் என்னைப் போன்ற ஒலிப்பதிவுக்காரனுக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

ஆண் மட்டும்தான் கத்துமாமே. பெண் பூச்சிக்கு வாயே இல்லையா?
(பொள்ளாச்சி வாசகி)

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆணுக்கு வயிற்றின் ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் வரிவரியான சவ்வு. உள்ளே தசை இழுக்க, தகர டப்பா மூடியை அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போய் வருமே, அப்படி ஒவ்வொரு வரியாக மடங்கி நிமிரும். வயிறு பெரும்பாலும் காலி, கடம் மாதிரி. பெண்ணுக்கு அந்தச் சவ்வு கிடையாது. ஆனால் அவள் பதில் சொல்வாள். சிறகை ஒரே ஒரு தரம் உதறுவாள். 'டிக்.' அவ்வளவுதான். லைட் சுவிட்ச் போடுகிற சத்தம்.

அந்த 'டிக்' எப்போது விழுகிறது என்பதில்தான் காரியம். ஆண் இழுத்து, சறுக்கி, நிறுத்திய பிறகு கிட்டத்தட்ட 0.4 விநாடி கழித்து. பாட்டுக் கச்சேரி தெரிந்தவர்களுக்குச் சொன்னால், சமத்தில் விழுந்தால் அவன் மதிப்பதில்லை. கொஞ்சம் தள்ளி விழ வேண்டும். சரியாக விழுந்தால் அவன் நின்றுவிடுவான். பறக்கப் போனவன் பறக்க மாட்டான். திரும்பி, மறுபடி பாடி, கேட்டு, அவள் பக்கம் நடப்பான். கிட்டே போகப் போக இடைவெளி விடாமல் பாடுவான். தொட்ட பிறகு பாட்டே மாறித் துண்டுதுண்டாக ஒரு படபடப்பு.

நான் முதல் நான்கு நாள் எடுத்ததில் ஒரு 'டிக்'கூட இல்லை. காதால் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்திருக்கிறேன், கோப்பில் இல்லை. ஐந்தாம் நாள் ராத்திரிதான் உறைத்தது: ஆட்டோ லெவலை அணைக்காமல் விட்டிருக்கிறேன்! ஆண் உரக்கக் கத்துகிறான். கருவி பயந்துபோய் லெவலைக் குறைக்கிறது. அவன் நிறுத்தியதும் மறுபடி ஏற்ற அதற்கு ஒரு விநாடி வேண்டும். அந்த ஒரு விநாடிக்குள் அவள் பதில் சொல்லி முடித்துவிடுகிறாள். முப்பது வருஷம் வானொலியில் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா இது? வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

பிறகு ஒரு காரியம் செய்து பார்த்தேன். ஜூன் 6, காலை 10.40, வெயில், 25 டிகிரி. லைலாக் செடியில் ஒரு ஆண், தனியாக. பாடி நிறுத்தியதும் விரலைச் சொடுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவசரப்பட்டிருக்கிறேன். அடுத்த தரம் மனசுக்குள் 'ஒண்' என்று சொல்லிவிட்டுச் சொடுக்கினேன். தலையைத் திருப்பினான். மறுபடி. இரண்டு அடி எடுத்து வைத்தான். எனக்கு விரல் வலிக்க, பேரன் பால்பாயிண்ட் பேனாவின் பித்தானை அமுக்கினான். அதற்கும் பதில்! ஆறாவது சொடுக்கில் கிளையை விட்டு என் கைக்கு ஏறி, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் படபடப்புப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டான். ஆறு கால்களும் தோலில் முள் மாதிரி பற்றிக்கொண்டன. வயிறு அதிர்வது நகக் கண்ணில் தெரிந்தது. பேரன் சிரித்த சிரிப்பில் அந்தப் பதிவு வீண். அதை நான் அழிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். ஒருவன் பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து இலையில் இன்னொருவன் வந்துவிட்டால், இவன் பாட்டின் கடைசிச் சறுக்கல் வருகிற நேரம் பார்த்து அவன் 'கர்ர்' என்று குறுக்கே இரைவான். சறுக்கல் காதில் விழவில்லையென்றால் பெண் பதில் சொல்ல மாட்டாள். மேடையில் அடுத்தவன் பேசும்போது மைக்கை இழுக்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

நான் பார்த்த சில பூச்சிகளுக்குப் பின்பாதியே இல்லை. சுண்ணாம்புக் கட்டி ஒட்டின மாதிரி இருந்தது. ஆனாலும் நடமாடின. என்ன அது?
(அட்லாண்டா வாசகர்)

மாசோஸ்போரா என்ற பூஞ்சைக் காளான். மண்ணிலிருந்து வரும்போதே தொற்றிக்கொள்ளும். வயிற்றின் வால்பக்கம் கழன்று விழுந்து, வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டே பூச்சி பறந்து திரியும். 2019-ல் வந்த ஆராய்ச்சியில் அந்தக் காளானில் கேத்தினோன் என்ற போதைப்பொருள் இருப்பதாகக் கண்டார்கள்.

ஒலிப்பதிவு செய்கிறவர்கள் இதில் கவனிக்க ஒன்று உண்டு. நோய் கண்ட ஆண்களில் சில, பெண்ணைப் போலவே சிறகைச் சொடுக்கிப் பதில் சொல்லும்! நல்ல ஆண் அதை நம்பிக் கிட்டே வந்து காளானை வாங்கிக்கொண்டு போவான். ஆகவே 'டிக்' பதிவாகிவிட்டது என்று துள்ளாதீர்கள். சொடுக்கியது யார் என்று பின்பக்கத்தையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டு, நோட்டு என்கிறீர்களே. இவ்வளவு ஆப் இருக்கிற காலத்தில் நோட்டு எதற்கு?
(சென்னை வாசகர்)

ஆப்பும் வேண்டியதுதான். சின்சினாட்டியில் மவுண்ட் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகத்தின் ஜீன் க்ரிட்ஸ்கி 'சிக்காடா சஃபாரி' என்று ஒன்று வைத்திருக்கிறார். 2021-ல் ஜனங்கள் அதற்கு 5 லட்சத்துக்கு மேல் படம் அனுப்பினார்கள். எந்தத் தெருவரை பூச்சி வந்தது என்பதை அதை வைத்துத்தான் வரைபடம் போடுகிறார்கள். நானும் அனுப்பினேன். ஆனால் ஆப் கேட்பது படம், இடம், நேரம். என் நோட்டில் இருப்பது வேறு: 'மே 19, ராத்திரி 8.50, மேப்பிள் மரத்தடி, ஐந்தாறு தோல்கூடு. மண் 18 டிகிரி.'

மண் எட்டு அங்குல ஆழத்தில் 18 டிகிரியைத் தொட்டால்தான் இவை கிளம்பும். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. மகள் வான்கோழி வேகவைக்கும்போது குத்திப் பார்க்கிற கறி தெர்மாமீட்டரை எடுத்துப் போய், குச்சியால் துளை போட்டுச் செருகினேன். நான்கு சாயங்காலம் 16, 16, 17, 17. ஐந்தாம் நாள் மெல்லிய மழைக்குப் பின் 18. அன்றைக்கு இருட்டினதும் ஒன்று பின் ஒன்றாக மேலே வந்து, மரத்தில் ஏறி, முதுகு வெடித்து, வெள்ளை வெளேரென்று வெளியே தொங்கியது. இரண்டு சிவப்புக் கண் மட்டும் நிறம். விடிவதற்குள் கறுத்துவிட்டது. கத்துவதற்கு இன்னும் நான்கைந்து நாள்.

நோட்டின் அருமை தெரிய வேண்டுமென்றால் பெஞ்சமின் பேனக்கரைப் பாருங்கள். மேரிலாந்தில் இருந்த கறுப்பினத்தவர். தானாகவே வானியல் படித்துப் பஞ்சாங்கம் போட்டவர். 1749-ல் இவருக்கு 17 வயது. பூச்சி மரங்களை அழிக்க வந்ததென்று நினைத்து அடித்துக் கொல்லப் பார்த்து, ஆகாது என்று விட்டுவிட்டார். 1766-ல் மறுபடி வந்தது. 1783-ல் மறுபடி. 1800-ல் அதையெல்லாம் கணக்குப் பார்த்து எழுதி வைத்தார். பின்பாதி அழுகி விழுந்த பிறகும் வலி இல்லாதது போலச் சாகும்வரை பாடிக்கொண்டே இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார். அட்லாண்டா வாசகர் கேட்டாரே, அதே காளான்தான். எனக்கு என் நோட்டை அதோடு ஒப்பிட வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

தோட்டத்துக்கு மருந்தடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
(எடிசன், நியூ ஜெர்சி வாசகி)

வேண்டாம். அடித்தாலும் பக்கத்து மரத்திலிருந்து வந்துகொண்டேயிருக்கும். இலையை இவை மேய்வதில்லை. பெண் பூச்சி மெல்லிய கிளையைக் கீறி முட்டையிடும். ஒருத்திக்கு 500 முட்டை வரை. அதனால் கிளை நுனி காய்ந்து தொங்கும். பெரிய மரத்துக்கு அது முடி வெட்டிக்கொண்ட மாதிரி. புதிதாக நட்ட கன்றுக்கு மட்டும் கால் அங்குலக் கண்ணுள்ள வலையைப் போர்த்தி அடியில் கட்டுங்கள். உங்கள் பக்கம் அடுத்த வரவு 2030-ல். அது தெரிந்தால் 2028, 29-ல் கன்று நடாமல் தள்ளிப் போடலாம். ஒரு சங்கதி: புல்வெட்டும் இயந்திரச் சத்தத்துக்கு இவை மயங்கிக் கூட்டமாக வரும். வெட்டுவதை விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

கடிக்குமா? தின்னலாமா? நம் நாட்டில் இந்த மாதிரி உண்டா?
(பல வாசகர்கள்)

கடிக்காது. தின்கிறார்கள், இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொட வேண்டாம் என்று அந்த நாட்டு உணவுத் துறையே 2021-ல் சொல்லியது. நான் தின்னவில்லை.

நம் நாட்டில் உண்டு! மேகாலயாவில் ரி போய் மாவட்டத்தில் நியாங்டாசர் என்று ஒரு சில்வண்டு, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை. 2014, 2018, 2022 என்று உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் வருஷங்களிலேயே வருவதால் அதற்கு அந்தப் பெயரும் உண்டு. ராத்திரியில் தீப்பந்தம் எடுத்துப் போய்ப் பொறுக்கிச் சமைப்பார்கள். அறிவியல் பெயர் கிடைத்ததே 2013-ல்தான். ஃபிஜியில் எட்டு வருஷத்துக்காரன் ஒருவன் உண்டு. நம் சங்கப் பாட்டில் பாலை வழியில் வேல மரத்தில் கத்துகிற 'சிள்வீடு' வேறு. வருஷக் கணக்கு அதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

2041-ல் அதே இடத்தில் மறுபடி வருமே. போவீர்களா?
(திருநெல்வேலி வாசகர்)

அப்போது எனக்கு 85. பேரனுக்கு 26. கறி தெர்மாமீட்டரை அவனிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.